காற்று முடித்துக் கொடுக்கும் வேலை

இலை, முள், மட்டை, கல் என்று கிடைத்ததைக் கொண்டு ஓர் இடத்திலேயே செய்து அங்கேயே விட்டுவரும் கலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பொருளைச் சேர்க்கிறார்கள். ஒரு சாக்கு சிப்பி, ஒரு கூடைச் சருகு, முறுக்கிய வேர் இரண்டு. பிறகு அதை வைக்க இடம் தேடுகிறார்கள். அப்படிச் செய்ததை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். கல்யாண மண்டப வாசலில்கூட வைக்கலாம். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடத்தில் எது அசைகிறது என்று முதலில் பாருங்கள்: காற்றா, தண்ணீரா, வெயிலா, ஆடா. பாதி வேலையை அந்த அசைவே செய்யப் போகிறது. எந்தப் பொருள் வேண்டும் என்பது அதைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

பொதுவாகப் பேசினால் இதெல்லாம் காதில் விழுந்து போய்விடும். அதனால் ஒரே நிலப்பகுதியை எடுத்துக்கொள்கிறேன்: தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் கிடக்கும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும், அதற்குக் கிழக்கே உள்ள கடற்கரையும். பனை, முந்திரி, உடைமரம், சிவப்பு மணல், மேல்காற்று. இவ்வளவு போதும்.

முன்னோடிகளைப் பற்றிச் சுருக்கமாக. ரிச்சர்ட் லாங் 1967இல் இங்கிலாந்தில் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னும் நடந்தே ஒரு கோட்டை உண்டாக்கிப் படம் எடுத்தார். ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியில் கருங்கல்லும் மண்ணும் கொட்டி 1,500 அடி நீளச் சுருள் கரை ஒன்றைப் போட்டார். ஏரி நீர் ஏறியதும் அது பல்லாண்டுகள் மூழ்கிக் கிடந்து 2002இல் மறுபடி வெளியே வந்தது. ஜெர்மனியின் நில்ஸ் ஊடோ 1972இல் ஓவியத்தை விட்டுவிட்டு மரம், மண், பூவுக்கு வந்தார். இலைகளை முள்ளால் கோத்து, உறைபனியை எச்சிலால் ஒட்டிச் செய்யும் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஸ்மித்சனின் வழி லாரியும் மண் அள்ளும் இயந்திரமும் கேட்கும் வழி. நமக்கு அது வேண்டாம். நம் வாசலிலேயே மார்கழியில் பரங்கிப்பூவைச் சாண உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவில் நிறுத்துகிறார்கள். சாணத்தின் ஈரம் பூவை வாடாமல் வைக்கும், அதன் கனம் பூவைச் சாயாமல் பிடிக்கும். பசையும் கம்பியும் இல்லாமல் ஒரு பூவை நிறுத்த இதைவிடச் சிக்கனமான வழியை நான் பார்த்ததில்லை.

தேரியை எப்படிப் பார்ப்பது? ஒரே நாளில் காலை, உச்சி, மாலை என மூன்று வேளை அதே இடத்தில் நில்லுங்கள். மணலில் ஓடும் வரிகளைக் கவனியுங்கள். வரிகள் காற்றுக்குக் குறுக்காக ஓடும்; காற்று வரும் பக்கம் சரிவாகவும், போகும் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். காற்றே இல்லாத விடியற்காலையில்கூட முந்தைய நாள் எங்கிருந்து அடித்தது என்பதை இது சொல்லிவிடும். அடுத்து ஒவ்வொரு செடியின் பின்னாலும் பாருங்கள். காற்று மறைவில் மணல் வால்போல நீண்டிருக்கும். வால் கூர்மையாக இருந்தால் காற்று ஒரே திசையில் நிலையாக அடிக்கிறது. மழுங்கி விரிந்திருந்தால் திசை மாறி மாறி அடிக்கிறது. உடைமரத்தின் வேர் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது, ஆடுகள் எந்தத் தடத்தில் போகின்றன, பனையேறுகிறவர் எந்த வழியில் மரத்துக்கு மரம் நடக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் முள்ளோ மட்டையோ நிற்கக் கூடாது.

பருவம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தத் தேரியைப் புரட்டிப் போடும். கடற்கரையில் இதைக் கச்சான் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடையும். மாசி முதல் சித்திரை வரை காலையில் ஏறக்குறைய அசைவே இருக்காது, உச்சிக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். ஆடியில் செய்யும் வேலையை மாசியில் செய்தால் ஒன்றுமே நடக்காது. குற்றம் மட்டையுடையதல்ல.

இனி பொருள். பனங்காட்டில் கீழே கிடப்பது எல்லாம் கேட்பாரற்றது என்று நினைத்துவிடாதீர்கள். மட்டையும் காவோலையும் கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்கு விறகு, தோட்டத்துக்கு வேலி. கருப்பட்டிப் பருவத்தில் குவித்து வைத்த மட்டையில் கை வைத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பில் கை வைத்ததாகும். "அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு இந்த மட்டையை எடுத்துக்கிடட்டுமா? முடிஞ்சதும் இங்கேயே கொண்டாந்து போட்டுருதேன்" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும், கூடவே எந்தக் குவியலில் பாம்பு அடையும் என்ற தகவலும் வரும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். காய்ந்த மணற்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. தேள் கட்டாயம் உண்டு. எந்த மட்டையையும் முதலில் ஒரு கம்பால் புரட்டிவிட்டுத்தான் கையால் எடுக்க வேண்டும். தேரியின் ஒரு பகுதி காப்புக்காடு. அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் சுள்ளிகூட எடுக்க முடியாது. பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேட்டுச் செய்வதே எளிது. மயிலிறகு நிறையக் கிடக்கும். மயில் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் உள்ள பறவை என்பதால் இறகை அப்படியே விட்டுவிடுவது தொல்லையில்லாதது.

பனையில் எது எதற்கு உதவும் என்று பார்ப்போம். மட்டை ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் நீளம், இரு ஓரமும் கருக்கு. கருக்கு கையைக் கிழிக்கும். பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அரிவாளால் சீவிவிட்டு மீதியை விட்டுவிடுங்கள், ஏனென்றால் தாழ்ந்த வெயிலில் அந்தப் பல்வரிசையின் நிழல் அழகாக விழும். மட்டையின் உட்பக்கத்தைக் கிழித்தால் வருவது அகணி நார், வெளிப்பக்கத்தில் வருவது புறணி. கட்டுவதற்கு அகணி. தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, நிழலில் சற்று நேரம் விட்டு, ஈரப்பதம் மட்டும் இருக்கும்போது கட்ட வேண்டும். சொட்டச் சொட்டக் கட்டினால் காயும்போது நார் சுருங்கி முடிச்சு தளரும். காயவிட்டே கட்டினால் மடிப்பில் முறியும். மட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் பன்னாடை வலைபோல இருப்பதால் நிழலுக்கு நன்று, காற்றுக்கு ஆகாது. எதிர்காற்றில் பை போல உப்பி, கட்டியிருக்கும் குச்சியையே பிடுங்கிவிடும். நுங்கு தீர்ந்த வெறுங்காயான கூந்தல் காய்ந்தால் கறுத்து இறுகும். மூன்று கண் குழியோடு செம்மணலில் வரிசையாக வைத்தால் ஒவ்வொரு குழியிலும் மணல் தங்கும். ஆனால் பச்சையாக வைத்தால் ஈ மொய்க்கும், ஆடு இழுத்துப் போய்விடும். ஒரு வாரமாவது காயட்டும்.

ஆடிக் காற்றுக்கு ஏற்ற வேலை மட்டை வரிசை. நாற்பது மட்டை, ஒரு கடப்பாறை, பத்து மீட்டர் கயிறு, முளைக்குச்சி இரண்டு, ஒரு அரிவாள், ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர். இரண்டு பேர் வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். அதற்கு மேல் காற்று எழும், கண்ணில் மணல் அடிக்கும்.

மணல் வரிகளைப் பார்த்துக் காற்றின் திசையைத் தீர்மானித்து, அதற்குச் செங்குத்தாகக் கயிறு கட்டுங்கள். மட்டையின் அகலம் நடுப்பகுதியில் ஆறு சென்டிமீட்டர் என்றால் மட்டைக்கு மட்டை ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. நாற்பது மட்டைக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். பாதி அடைப்பு, பாதி திறப்பு என்ற இந்தக் கணக்கு முக்கியம். காற்று முழுக்க நின்றுவிடாமல், வேகம் குறைந்து உள்ளே நுழையும்போதுதான் சுமந்துவந்த மணலைக் கீழே போடும். இடைவெளியே இல்லாமல் நெருக்கிக் கட்டினால் அது சுவராகிவிடும். காற்று மேலே ஏறிக் குதித்துப் பின்னால் சுழன்று, அடியைத் தோண்டி, இரு முனைகளையும் அரித்துவிடும். மிக அகலமாக விட்டால் ஒவ்வொரு மட்டையின் பின்னாலும் ஒரு சின்ன வால் மட்டும் நிற்கும், மேடு சேராது. ஆனால் அந்தத் தனித்தனி வால்களே வேண்டும் என்றால் அதையும் செய்யலாம்: மட்டைக்கு மட்டை அரை மீட்டர் விடுங்கள். நாற்பது வால்கள் ஒரே திசையில் நீண்டு கிடக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். மேடு கட்டுவதில் பொறியாளர் வாடை கொஞ்சம் அடிக்கிறது.

ஆழம்: ஒன்றேகால் மீட்டர் மட்டையில் 45 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போக வேண்டும், 80 வெளியே. காற்று ஒவ்வொரு மட்டையின் முன்பக்க அடியையும் பள்ளம் பறிக்கும். 20 சென்டிமீட்டர் மட்டும் புதைத்தால் அன்று மாலையே சாய்ந்து கிடக்கும். அடிமட்டை அகன்ற பக்கம் கீழே போகட்டும், அதுவே நங்கூரம். காய்ந்த தேரி மணலில் கடப்பாறைக் குழி நிற்காது. எடுத்த வேகத்தில் சரிந்து மூடும். குழிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் நிற்கும், ஆனால் நாற்பது லிட்டரைத் தேரியில் சுமப்பது வேடிக்கையல்ல. மேல்மணலைக் காலால் ஒதுக்கி ஒரு சாண் ஆழத்தில் ஈரம் தட்டுகிறதா பாருங்கள். மழை கண்ட மாதங்களில் தட்டும், ஆடியில் பெரும்பாலும் தட்டாது. அப்போது கடப்பாறையை ஊன்றி, அதை உருவும்போதே ஒருவர் பக்கத்திலேயே மட்டையை இறக்கி இடமும் வலமும் ஆட்டி ஆட்டிக் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பேர் என்று சொன்னது இதற்காகத்தான். மட்டையின் குழிந்த பக்கம் காற்றைப் பார்க்கக் கூடாது. குவிந்த முதுகைக் காற்றுக்குக் காட்டுங்கள். குழிந்த பக்கம் காற்றைப் பிடித்து ஆட ஆட, அடி மணல் தளர்ந்துகொண்டே போகும்.

காய்ந்த மணல் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்றில் நகரத் தொடங்கும். நல்ல ஆடிக் காற்றில் அரை மணி நேரத்தில் வால்கள் தெரிய ஆரம்பிக்கும். முழங்கால் உயர மேடு சேரப் பல நாள் காற்று வேண்டும். அது மட்டைக்குப் பின்னால் நாலைந்து மீட்டர் வரை சரிந்து இறங்கும். வரிசையில் ஓரிடத்தில் மட்டும் அரை மீட்டர் திறப்பு விட்டால் காற்று அங்கே குவிந்து பாய்ந்து, பின்னால் ஒரு பள்ளத்தைத் தோண்டும். இந்தத் திறப்புகளை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையில் உங்கள் கோடு. வரிசையை வில்லாக வளைத்து, உட்பக்கம் காற்றைப் பார்க்க வைத்தால் மணல் நடுவில் குவியும். முதுகைக் காட்டினால் இரு புறமும் பிரிந்து கொம்புபோல நீளும். இதைப் படம் வரைந்து முன்கூட்டித் தீர்மானிக்காமல், பத்து மட்டை நட்டு ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த முப்பதை நடுவது நல்லது.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முன்பக்கம் புல்லோ செடியோ மூடியிருக்கிறது, நகர மணலே இல்லை. அல்லது ஒரு தூறல் விழுந்து மேல்மணல் ஏடு கட்டியிருக்கிறது. அது காய்ந்து உடையும் வரை காத்திருக்க வேண்டும். அல்லது நீங்கள் நட்ட இடம் ஏற்கெனவே ஒரு மேட்டின் மறைவு. மூன்றாவதைத்தான் அதிகம் பார்க்கலாம், ஏனென்றால் வேலை செய்ய வசதியான இடத்தை உடம்பு தானாகவே தேர்ந்துவிடுகிறது.

காற்று இல்லாத மாதங்களில் இலைக்கு வாருங்கள். தேரியைவிட ஊருக்குள், கடலோரத் தெருக்களில் பூவரசும் நாட்டு வாதுமையும் இதற்கு நல்லவை. மந்தாரை இலையை ஈர்க்கால் தைத்துச் சாப்பாட்டு இலை செய்யும் அதே தையல்தான். ஈர்க்கை மேலிருந்து குத்தி, அடியில் ஒரு சென்டிமீட்டர் ஓடவிட்டு, மறுபடி மேலே எடுத்து ஒடித்துவிட வேண்டும். பச்சை ஈர்க்கு வளையும், குத்தாது. எலும்பாகக் காய்ந்தது நடுவில் ஒடியும். ஒரு நாள் வாடிய ஈர்க்கு சரியாக இருக்கும். முள் வேண்டுமானால் உடைமரத்தில் நீண்ட வெள்ளை முள் உண்டு, விழுந்த கிளையிலிருந்து எடுக்கலாம். முள் ஈர்க்கைவிட அழகு. கழற்றும்போது இலையைக் கிழிக்கும். ரப்பர் செருப்போடு முள் பொறுக்கப் போகாதீர்கள், நேராகப் பாதத்துக்கு வந்துவிடும்.

பழுத்து உதிர்ந்த பூவரசிலையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் திரை செய்வதாகக் கொள்வோம். இலை பத்து சென்டிமீட்டர் அகலம், மூன்று சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஏழு சென்டிமீட்டர்தான் கணக்கில் நிற்கும். ஆக பதினான்குக்குப் பதினான்கு, ஏறத்தாழ 200 இலை. இலைக்கு இரண்டு தையல் என்றால் 400 துண்டு ஈர்க்கு, ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர். ஓர் ஈர்க்கில் உறுதியான நீளம் 60 சென்டிமீட்டர் கிடைத்தால் இருபது துண்டு வரும், ஆக இருபது ஈர்க்கு. முறிவதற்கு இன்னும் பத்து. இலையை 300 ஆகப் பொறுக்குங்கள்; புழு தின்றதும் காம்பில் அழுகியதும் தையலில் கிழியும். விடிகாலையில் பனி ஈரத்தோடு கிடப்பதை எடுத்து, நனைந்த சாக்கில் நிழலில் அடுக்கிக்கொள்ளுங்கள். பத்து மணி இலை தொட்டால் நொறுங்கும்.

தையல் எப்போதும் நரம்புக்குக் குறுக்காகப் போக வேண்டும். நரம்போடு இணையாகக் குத்தினால் அந்தக் கோட்டிலேயே இலை பிளந்துவிடும். திரையைக் கிளையில் தொங்கவிடும்போது முதலில் கிழிவது மேல்வரிசை, மொத்தக் கனமும் அதில்தானே. மேல்வரிசைக்கு இரட்டை இலை போட்டு ஓர் அகணி நாரோடு சேர்த்துத் தைத்தால் தாங்கும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமானால் நடுவில் இரண்டு ஈர்க்கைக் குறுக்கே ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சின்னக் காற்றிலேயே மடிந்து தனக்குள் சிக்கிக்கொள்ளும். கிழக்கைப் பார்த்துத் தொங்கவிட்டு மேற்கே நின்று பாருங்கள். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் வெளிச்சம் இலையை ஊடுருவி வரும். அதற்கு மேல் அது வெறும் காய்ந்த இலைத் திரை.

வாதுமைக்கு வேறு குணம். உதிரும் முன் அது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போவதால் நிற வரிசை தானாகவே கிடைக்கும். மரத்தடியில் தரையிலேயே மூன்று மீட்டர் கோடு போடலாம். ஒவ்வோர் இலையும் நான்கு சென்டிமீட்டர் தெரியும்படி அடுக்கினால் 75 இலை. நிறப் படிகள் சீராக அமைய இரண்டு மடங்கு பொறுக்க வேண்டும், நடு ஆரஞ்சுதான் எப்போதும் பற்றாக்குறை. கோட்டை எங்கிருந்து எங்கே இழுப்பது என்பதை மரத்திடமே விட்டுவிடலாம்: நிழல் முடியும் விளிம்பில் போடுங்கள், நிழல் நகர்ந்ததும் கோடு வெயிலில் மாட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து சுருளத் தொடங்கும்.

கடற்கரையில் அசைவு இரண்டு: ஓதமும் காற்றும். இந்தக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டாது, அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அதிகம். அட்டமியில் மிகக் குறைவு. ஆனால் பத்துக்கு ஒன்று சரிவுள்ள கரையில் அரை மீட்டர் ஏற்றம் என்பது ஐந்து மீட்டர் உள்ளே வருவது, அதற்கு மேல் அலை ஓடிவரும் தூரம் வேறு. நேரமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்திய நில அளவைத் துறை ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதைவிட வலை காயப்போடுகிறவரைக் கேட்பது விரைவு. நேற்றைய சருகுக் கோட்டைப் பார்த்து நீர் எவ்வளவு ஏறியது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த பொருள் ராவணன் மீசை என்ற கடற்கரைப் புல். காய்ந்த பூந்தலை உருண்டையாகக் கழன்று, முள் நுனிகளில் எழும்பிக் கரை நெடுக உருண்டு ஓடும். அதைப் பொறுக்கி அடுக்க வேண்டாம். காலையில் ஈர மணலில் காற்றுக்குக் குறுக்காக 15 சென்டிமீட்டர் ஆழம், 30 அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள், நேராகவோ வளைத்தோ. உருண்டு வரும் தலைகள் ஒவ்வொன்றாக அதில் விழுந்து தங்கும். உங்கள் கோட்டைக் காற்று எழுதிக் கொடுக்கும். காய்ந்த மணலில் வெட்டினால் விளிம்பு சரிந்து ஒரு மணி நேரத்தில் மூடிவிடும். ஆழம் 10க்குக் குறைந்தால் தலைகள் ஏறிக் குதித்துப் போய்விடும். செடியில் ஒட்டியிருக்கும் தலைகளைப் பறிக்காதீர்கள், அடப்பங்கொடியையும் இழுக்காதீர்கள். மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டும்தான்.

தை முதல் பங்குனி வரை கரையின் மேல்பகுதியில் தோண்டவே கூடாது. பங்குனி ஆமை இரவில் ஏறி வந்து ஓதக்கோட்டுக்கு மேலே முட்டையிடும் காலம் அது. குஞ்சு வெளிவர ஏழு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் சித்திரை, வைகாசியிலும் கவனம் வேண்டும். கட்டை அடுக்கி வைத்தாலும் ஏறி வரும் ஆமைக்கு அது தடை, இறங்கும் குஞ்சுக்கும் தடை. பவளத்துண்டு, கடல்விசிறி இவற்றை ஒதுங்கிச் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை உள்ளன. பாதுகாக்கப்பட்ட சங்கு, சிப்பி இனங்களும் இருப்பதால், இனம் தெரியாத சிப்பியை எடுக்காமல் இருப்பது நல்லது.

நிழலைப் பொருளாக வைத்துச் செய்கிறவர்களுக்குச் சில எண்கள். திருச்செந்தூர் சுமார் எட்டரை பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 12, ஆகஸ்ட் 31 ஒட்டிய நாட்களில் உச்சியில் நேராக நிற்கும் கம்புக்கு நிழலே இராது. டிசம்பர் 21 உச்சியில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் வடக்கே 62 சென்டிமீட்டர். ஜூன் 21இல் தெற்கே 27. மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று திட்டமிட்டால் ஆனியில் ஏமாறுவீர்கள். கருக்கு மட்டைகளின் நிழல் ஒன்றோடொன்று தொடும்படி வேண்டுமானால் நட்ட உயரத்தை வைத்து இடைவெளியைக் கணக்கிடுங்கள்: சூரியன் 45 பாகையில் நிற்கும்போது உயரமும் நிழலும் சமம், 80 சென்டிமீட்டர் மட்டைக்கு 80 சென்டிமீட்டர் நிழல்.

படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒவ்வொரு மணிக்கும் ஒன்று. நிற்கும் இடத்தில் ஒரு மட்டைத் துண்டைப் புதைத்து அடையாளம் வையுங்கள். உங்கள் காலடித் தடம்தான் பெரிய தலைவலி. காற்று வரும் பக்கத்திலிருந்து நுழைந்து வேலை செய்தால் தடத்தைக் காற்று முதலில் அழிக்கும்; காற்று மறைவுப் பக்கம் மிதித்தால் வால் வளரும் இடத்தையே கெடுத்துவிடுவீர்கள். வெளியேறும்போது காவோலை ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தால் தடம் மறையும். கைப்பேசியைக் காற்றில் திறந்து வைக்காதீர்கள், தேரி மணல் ஒலிபெருக்கித் துளையில் போய் உட்கார்ந்தால் எடுப்பது கடினம்.

கலைக்கும் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலைத் திரையில் நைலான் நூலோ கம்பியோ ஒரு துண்டு சேர்ந்திருந்தாலும் ஆடு தின்றுவிடும்; அகணி நாரும் ஈர்க்கும் மட்டும் என்றால் அப்படியே மரத்தடியில் உதிர்த்துவிடலாம். முள் வைத்துத் தைத்திருந்தால் ஒவ்வொன்றையும் எண்ணி எடுக்க வேண்டும். குத்தியபோது எத்தனை என்று எழுதி வைத்திருந்தால்தான் இது நடக்கும். கடற்கரை வாய்க்காலை அன்றே மூடிவிடுங்கள், இருட்டில் நடக்கிறவர் கால் மடங்கும். மட்டை வரிசையைக் கலைக்கும்போது மேட்டிலிருந்து பிடுங்காதீர்கள், புதைந்த மட்டை பாதியில் முறிந்து கூர்முனை உள்ளேயே நின்றுவிடும். காற்று வரும் பக்கத்திலிருந்து மணலை ஒதுக்கி, அடியைத் தளர்த்தி, நேராக மேலே உருவ வேண்டும். நாற்பதும் வந்துவிட்டனவா என்று எண்ணி, மணலைத் தட்டி, எடுத்த குவியலிலேயே கொண்டுபோய்ப் போடுங்கள். மணல் ஒட்டிய மட்டை அடுப்பில் சரியாக எரியாது.